சி டிரைவ் சிவந்துவிட்டது, எதை அழிக்கலாம்?

கேள்வி:

ஐயா, தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் பாவித்த லெப்டொப் ஒன்று வாங்கினேன். விண்டோஸ் 10, ரெம் 4 ஜிபி, எஸ்எஸ்டி 128 ஜிபி என்று சொன்னார்கள். ஆனால் சி டிரைவில் காட்டுவது 119 ஜிபி கூட இல்லை. அதிலும் இப்போது 3 ஜிபிதான் மிச்சம், பட்டை சிவப்பாகிவிட்டது. என் வினாத்தாள்கள், புள்ளிப் பட்டியல்கள், மகளின் உயர்தர வகுப்பு ஸூம் பதிவுகள் எல்லாம் இதற்குள்தான் இருக்கின்றன. திரையின் மூலையில் 'உங்கள் கணினியில் ஆயிரக்கணக்கான ஜங்க் ஃபைல்கள்' என்று அடிக்கடி வருகிறது. தெரிந்த தம்பி ஒருவர் 'ஆப்டேட்டா' என்ற ஃபோல்டருக்குள் போய் எதையோ அழித்து 2 ஜிபி இடம் எடுத்துத் தந்தார். அதற்குப் பிறகு பாமினியில் அடித்த வினாத்தாள்கள் எல்லாம் ஆங்கில எழுத்தாகத் தெரிகின்றன. விண்டோஸ் ஃபோல்டர் மட்டும் 25 ஜிபி காட்டுகிறது. அதில் எதை அழிக்கலாம்? கிளீனர் மென்பொருள் போடலாமா? துப்புரவாக்கினால் வேகம் வருமா?

பதில்:

டீச்சர், உங்களைக் கலங்க வைத்த விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன். வினாத்தாள்கள் அழியவில்லை. ஒரு வரியைக்கூடத் திரும்ப அடிக்க வேண்டாம்.

பாமினி, ஒருங்குறி (எல்லாக் கணினியும் ஒரே மாதிரி அடையாளம் காணும் யூனிகோட் முறை) பரவலாவதற்கு முந்திய காலத்து எழுத்துரு. அதில் அடித்ததைக் கணினி தமிழாகச் சேமிப்பதில்லை. ஆங்கில விசைகளாகத்தான் சேமிக்கிறது. 'தமிழ்' என்று அடித்தால் ஃபைலுக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகள். அவற்றைத் தமிழ் வடிவமாகக் காட்டுவது எழுத்துருவின் வேலை. எழுத்துரு போய்விட்டால் உள்ளே இருக்கும் ஆங்கிலக் குறிகள் அப்படியே தெரியும். விண்டோஸ் 10இன் பிந்திய பதிப்புகளில் ஒரு எழுத்துருவை எல்லாப் பாவனையாளர்களுக்கும் என்று குறிப்பிடாமல் நிறுவினால், அது விண்டோஸின் பொது எழுத்துரு ஃபோல்டருக்குப் போகாமல் உங்கள் பெயரின் கீழுள்ள ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசொஃப்ட், விண்டோஸ், ஃபொன்ட்ஸ் என்ற வழியில் போய் உட்காரும். தம்பி ஆப்டேட்டாவில் கைவைத்தபோது பாமினியும் சேர்ந்து போயிருக்க வேண்டும்.

பாடசாலைக் கணினி ஒன்றிலோ சக ஆசிரியர் ஒருவரிடமோ பாமினி எழுத்துரு ஃபைல் இருக்கும். அதைக் கொப்பி பண்ணி, வலது கிளிக் செய்து, 'இன்ஸ்டோல் ஃபோர் ஓல் யூசர்ஸ்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். வேர்டை மூடித் திறந்தால் தமிழ் திரும்பி வரும். வராத பந்திகளைத் தெரிவுசெய்து எழுத்துருவைப் பாமினி என்று மாற்றினால் போதும். அந்த எழுத்துரு ஃபைலின் கொப்பி ஒன்றை வினாத்தாள்களோடு சேர்த்து வையுங்கள். இனி வரும் தாள்களை ஒருங்குறியில் அடிப்பதே நல்லது. கொமியுனிகேஷன் கடைக்குப் பிரின்ட் எடுக்கக் கொடுக்கும்போது பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். அதற்குள் எழுத்துருவும் சேர்ந்து போகும்.

இப்போது இடத்துக்கு வருவோம். 128 ஜிபி என்பதை உற்பத்தியாளர் ஆயிரத்தின் மடங்காகக் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1,024இன் மடங்காகக் கணக்கிடுகிறது. அதனால் 128 என்பது 119 ஆகிறது. மீட்புக்கான சிறு பகுதிகளும் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். இந்த அளவு விஷயத்தில் யாரும் உங்களை ஏமாற்றவில்லை. 'ரிக்கவரி' என்ற பெயரில் இன்னொரு டிரைவ் தெரிந்தால் அதைத் தொடாதீர்கள். விண்டோஸ் எழும்பாத நாளில் கைகொடுப்பது அதுதான்.

எதையும் அழிக்க முன் ஒரு வேலை இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் அழித்ததை மீட்க ஓரளவு வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டியில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு, ஏனென்றால் 'ட்ரிம்' என்ற கட்டளை மூலம் விண்டோஸ் அழித்த இடத்தை உடனுக்குடன் டிரைவுக்கு அறிவிக்கிறது, டிரைவும் அதை வெறுமையாக்கிவிடுகிறது. பிறகு எந்தக் கடைக்குக் கொண்டுபோனாலும் பயன் இருக்காது. ஆகவே 64 ஜிபி பென் டிரைவ் ஒன்றோ வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றோ எடுத்து, டொக்கியுமென்ட்ஸ், டெஸ்க்டொப், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் நான்கையும் கொப்பி செய்யுங்கள். 'கட்' வேண்டாம், 'கொப்பி' மட்டும். மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று நம் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. பழைய பற்றரி இரண்டு நிமிடம்கூடத் தாங்காமல் போகலாம். பாதி வழியில் நின்றாலும் மூலப் பிரதி இருந்த இடத்தில் இருக்க வேண்டும். முடிந்ததும் இரு பக்கத்து ஃபோல்டரிலும் வலது கிளிக், 'ப்ரொபர்ட்டீஸ்'. ஃபைல்களின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். பென் டிரைவில் இருந்தே நான்கைந்து ஃபைல்களைத் திறந்தும் பாருங்கள். 4 ஜிபிக்கு மேற்பட்ட தனி ஃபைல் ஏதாவது ஏற மறுத்தால், பென் டிரைவ் 'ஃபட்32' முறையில் இருக்கிறது என்று அர்த்தம். 'எக்ஸ்ஃபட்' முறையில் ஃபோர்மட் செய்தால் ஏறும், ஆனால் ஃபோர்மட் செய்தால் அதில் முன்பிருந்தவை எல்லாம் போய்விடும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளுக்குப் பிறகு இதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை: இரண்டு கொப்பியும் ஒரே அலுமாரியில் இருந்தால் அது ஒரு கொப்பிதான். வினாத்தாள்களும் புள்ளிப் பட்டியல்களும் அளவில் சிறியவை. அவற்றையாவது மின்னஞ்சல் கணக்கோடு வரும் இணையச் சேமிப்பில் ஏற்றி வையுங்கள்.

இனித் துப்புரவு. இதற்கு வெளி மென்பொருள் எதுவும் தேவையில்லை. சார்ஜரைக் குத்தி, எல்லா நிரல்களையும் மூடிவிட்டு, செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போங்கள். கொஞ்ச நேரத்தில் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று கணக்குக் காட்டும். அதில் 'டெம்பரரி ஃபைல்ஸ்' என்பதைத் திறந்தால் ஒரு பட்டியல் வரும். விண்டோஸ் அப்டேட் கிளீனப், டெலிவரி ஒப்டிமைசேஷன் ஃபைல்ஸ், தம்ப்நெய்ல்ஸ், டெம்பரரி இன்டர்நெட் ஃபைல்ஸ், டைரக்ட்எக்ஸ் ஷேடர் கேஷ், எரர் ரிப்போர்ட்ஸ்: இவை எல்லாவற்றுக்கும் சரி போடலாம். தம்ப்நெய்ல் என்பது படங்களின் சிறு உருவம். அழித்தால் தேவைப்படும்போது கணினியே திரும்பச் செய்துகொள்ளும்.

அதே பட்டியலில் மூன்று வரிகளில் நின்று யோசிக்க வேண்டும். முதலாவது 'டவுன்லோட்ஸ்'. அது தற்காலிக ஃபைலே இல்லை, ஆனாலும் விண்டோஸ் அதை அந்தப் பட்டியலில் வைத்திருக்கிறது. வலயத்திலிருந்து வந்த சுற்றறிக்கை, வட்ஸ்அப் வெப்பில் இறக்கிய மாதிரி வினாத்தாள் எல்லாம் விழுவது அங்கேதான். அதற்குச் சரி போடாதீர்கள். தனியாகத் திறந்து கண்ணால் பார்த்து அழியுங்கள். இரண்டாவது 'ரீசைக்கிள் பின்'. சரி போட முன் அதைத் திறந்து ஒரு தடவை பாருங்கள். மூன்றாவது 'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டோலேஷன்ஸ்'. பெரிய அப்டேட் ஒன்றுக்குப் பின் பழைய விண்டோஸ் இங்கே 10 நாட்கள் இருக்கும், பிறகு தானாகவே போகும். இடத்தைப் பெரிதாகப் பிடிப்பது இதுதான் என்றாலும், புதிய பதிப்பில் பிரின்டரும் சத்தமும் ஒழுங்காக வேலை செய்கின்றன என்று தெரிந்த பின்பே அழியுங்கள். அழித்தால் பழையதற்குத் திரும்ப முடியாது.

'ரிமூவ் ஃபைல்ஸ்' அழுத்திய பின் பொறுமை வேண்டும். அப்டேட் கிளீனப் அரை மணி நேரத்துக்கு மேலும் ஓடலாம். அடுத்த தடவை கணினியை எழுப்பும்போதும் சற்று நேரம் எடுக்கும். இறுகிவிட்டது என்று நினைத்து பவர் பொத்தானை அழுத்திவிடாதீர்கள்.

அதே ஸ்டோரேஜ் பக்கத்தில் 'ஸ்டோரேஜ் சென்ஸ்' என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால் இந்த வேலையை அது தானாகச் செய்யும். ஆனால் அதற்குள் டவுன்லோட்ஸ் பற்றிய வரி 'நெவர்' என்று இருக்கிறதா என்பதை நீங்களே பார்த்து உறுதி செய்யுங்கள். 30 நாள் என்று மாறியிருந்தால், அந்த நாளெல்லை கடந்தவற்றை அது உங்களிடம் கேட்காமலே எடுத்துவிடும்.

தற்காலிக ஃபைல்கள் சேரும் 'டெம்ப்' ஃபோல்டரை நேரடியாகத் திறந்து எல்லாவற்றையும் அழிக்கச் சொல்பவர்கள் நிறையப் பேர். விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, டெம்ப் என்ற சொல்லுக்கு இரு பக்கமும் % குறி இட்டால் அது திறக்கும். அழிப்பதில் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் ஆசிரியர்களுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. பல ஃபைல்களைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய சிப் ஃபைலைப் பிரிக்காமல் அதற்குள் இருந்தபடியே வேர்ட் ஆவணத்தைத் திறந்து, திருத்தி, சேவ் செய்தால், திருத்திய பிரதி டெம்ப்பில் போய் விழலாம். மின்னஞ்சலில் இணைப்பாக வந்ததை நேரே திறந்தாலும் இதே கதை நடக்கலாம். டெம்ப்பைத் துடைத்ததும் அந்தத் திருத்தமெல்லாம் போய்விடும். ஆகவே அதற்குள் போனால் முதலில் திகதிப்படி ஒழுங்குபடுத்தி, வேர்ட், எக்ஸெல் ஃபைல் ஏதும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் டொக்கியுமென்ட்ஸுக்கு எடுத்து வையுங்கள். பிறகு அழியுங்கள். 'இந்த ஃபைல் பாவனையில் உள்ளது' என்று வந்தால் 'ஸ்கிப்' கொடுத்துவிட்டு நகருங்கள். வற்புறுத்தி அழிக்க வேண்டாம்.

25 ஜிபி விண்டோஸ் ஃபோல்டருக்குள் நீங்கள் கையால் அழிக்க வேண்டியது எதுவும் இல்லை. அங்கே மிகப் பெரிதாகத் தெரியும் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' ஃபோல்டர் பலரை மயக்கும். ஒரே ஃபைலுக்கு இரண்டு இடத்தில் பெயர் இருப்பதால் அதன் அளவு உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டப்படுகிறது. அதில் உண்மையிலேயே தேவையற்ற பகுதியை மேலே சொன்ன அப்டேட் கிளீனப் எடுத்துவிடும். 'ப்ரீஃபெட்ச்' ஃபோல்டரை அழித்தால் அடுத்த சில தடவை நிரல்கள் இன்னும் மெதுவாகவே திறக்கும். 'பேஜ்ஃபைல்' என்பது ரெம் (திறந்திருக்கும் வேலைகளைக் கணினி வைத்திருக்கும் தற்காலிக நினைவகம்) போதாதபோது விண்டோஸ் பாவிக்கும் இடம். 4 ஜிபி ரெம் உள்ள உங்களுக்கு அது உயிர்நாடி. 'ஹைபர்ஃபில்' என்ற ஃபைலை அணைத்து இடம் எடுக்கலாம் என்று ஒரு ஆலோசனை பரவலாக உண்டு. உங்கள் கணினியில் அது 1.6 ஜிபி அளவில்தான் இருக்கும். பற்றரி தீரும் தறுவாயில் திறந்திருக்கும் வேலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அணைவதற்கு அந்த ஃபைல் வேண்டும். மின்வெட்டு நேரத்தில் புள்ளிப் பட்டியல் அடித்துக்கொண்டிருப்பவர் அதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

உண்மையில் உங்கள் இடத்தைத் தின்பது இவையெல்லாம் இல்லை என்றே நினைக்கிறேன். ஸூம் பதிவுகள் டொக்கியுமென்ட்ஸுக்குள் 'ஸூம்' என்ற ஃபோல்டரில், ஒவ்வொரு வகுப்புக்கும் திகதியிட்ட தனி ஃபோல்டராகக் கிடக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் தேடல் கட்டத்தில் சைஸ் என்ற ஆங்கிலச் சொல், முக்காற்புள்ளி, பெரிது என்ற > குறி, பிறகு 500எம்பி என்று இடைவெளி இல்லாமல் ஆங்கில எழுத்தில் அடித்தால், 500 எம்பிக்கு மேற்பட்டவை மட்டும் வரிசையாக வரும். மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். முடிந்த பாடங்களின் பதிவுகளை வெளி டிஸ்க்குக்குக் கொப்பி செய்து, அங்கே ஓடுகிறதா என்று பார்த்து, பிறகு இங்கே அழிக்கலாம். எம்பி4 ஆகாமல் 'டபுள் கிளிக் டு கன்வர்ட்' என்ற பெயரோடு கிடப்பவை குப்பையல்ல. வகுப்பு முடிந்து பதிவு மாறும் நேரத்தில் கரண்ட் போனால் அப்படி நிற்கும். ஸூம் நிறுவியிருக்கும் இதே கணினியில், அதே ஃபோல்டரில் வைத்தே இரட்டைக் கிளிக் செய்தால் வீடியோவாக மாறும். மாற்ற இடம் வேண்டும் என்பதால் முதலில் மற்றவற்றை ஒதுக்குங்கள்.

பாவித்த கணினி என்பதால் இன்னொன்று. சி டிரைவில் 'யூசர்ஸ்' ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். முந்திய சொந்தக்காரரின் பெயரில் ஒரு ஃபோல்டர் பல ஜிபியோடு கிடக்கலாம். உடனே அழித்துவிடாதீர்கள். கடையில் கணக்கின் பெயரை மட்டும் உங்கள் பெயராக மாற்றிக் கொடுத்திருந்தால், ஃபோல்டரின் பெயர் பழைய ஆளுடையதாகவே இருக்கும்; உள்ளே இருப்பது உங்கள் சாமான். அதற்குள் டெஸ்க்டொப் ஃபோல்டரைத் திறந்து, உங்கள் திரையில் இருப்பவையே அங்கும் இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். உண்மையிலேயே வேறு கணக்கு என்றால் செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், 'ஃபெமிலி அன்ட் அதர் யூசர்ஸ்' வழியாகக் கணக்கையே நீக்குங்கள். ஃபைல்களும் அதோடு ஒழுங்காகப் போகும். நிரல்களுக்கும் இதே முறைதான். பாவிக்காத கேம், பழைய பிரின்டர் மென்பொருள் எதுவானாலும் செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' பகுதிக்குப் போய் 'அன்இன்ஸ்டோல்' கொடுங்கள். 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டரைக் கையால் அழித்தால் நிரல் பாதி உயிரோடு கிடந்து பிழைச் செய்தி காட்டிக்கொண்டே இருக்கும்.

பிரவுசர் கேஷ், அதாவது பார்த்த தளங்களின் படங்களைப் பிரவுசர் சேமித்து வைப்பது, பற்றி அவசரப்பட வேண்டாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், டிலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அழிக்கும் பெட்டி வரும். 'கேஷ்ட் இமேஜஸ் அன்ட் ஃபைல்ஸ்' மட்டும் போதும். குக்கீஸுக்குச் சரி போட்டால் எல்லாத் தளத்திலிருந்தும் வெளியேற்றிவிடும், பாஸ்வேர்ட்ஸுக்குச் சரி போட்டால் சேமித்த கடவுச்சொல் எல்லாம் போய்விடும். கேஷை வாராவாரம் அழிப்பதும் வீண். அழித்த படங்களை அதே தளங்களிலிருந்து திரும்ப இறக்க வேண்டும், உங்கள் டேட்டா பெக்கேஜில் இருந்துதான் அது கழியும்.

மூலையில் வரும் அந்த 'ஜங்க் ஃபைல்' செய்தி பொய். ஒரு இணையத்தளத்தால் உங்கள் டிஸ்க்கில் உள்ள ஃபைல்களை எண்ண முடியாது. எப்போதோ ஒரு தளம் 'அலவ்' கேட்டபோது யாரோ அழுத்தியிருக்கிறீர்கள். அன்றிலிருந்து பிரவுசர் அறிவித்தலாக அது வருகிறது. குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய், தெரியாத தளங்கள் அனைத்தையும் நீக்குங்கள். அதிலிருந்து ஏதாவது இறக்கி நிறுவியிருந்தால் அன்இன்ஸ்டோல் செய்து, விண்டோஸோடு வரும் டிஃபென்டர் என்ற வைரஸ் தடுப்பில் 'ஃபுல் ஸ்கேன்' ஒன்று ஓடவிடுங்கள்.

நல்ல பெயருள்ள கிளீனர் என்றால் போடலாமா என்றால், உங்களுக்கு வேண்டாம் என்பேன். 2017இல் உலகம் முழுதும் பாவனையில் இருந்த சிகிளீனரின் 5.33 பதிப்புக்குள்ளேயே யாரோ தீநிரலைப் புகுத்தி, அது அதிகாரபூர்வ தளத்திலிருந்தே இருபது லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளுக்குப் போனது. கணினியின் எல்லா மூலையிலும் அழிக்கும் அதிகாரம் கொண்ட மென்பொருள் ஒன்றில் ஓட்டை விழுந்தால் சேதமும் அந்த அளவுக்குப் பெரிது. 'ரெஜிஸ்ட்ரி கிளீன்' என்ற வேலை இன்னும் மோசம். ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸின் பதிவேடு. அதில் நூறு வரிகளை வெட்டினாலும் மிச்சமாகும் இடம் கணக்கில் வராது, தேவையான ஒரு வரி தவறுதலாகப் போனால் கணினி எழும்பாமலே போகலாம்.

பென் டிரைவில் ஒரு எச்சரிக்கை. பிரின்ட் எடுத்துவிட்டு வந்து பார்க்கும்போது ஃபோல்டர்கள் எல்லாம் 1, 2 கேபி அளவில் ஷோர்ட்கட்டாக மாறியிருந்தால் அது வைரஸ். இரட்டைக் கிளிக் செய்யாதீர்கள், டிரைவை ஃபோர்மட்டும் செய்யாதீர்கள். உண்மையான ஃபோல்டர்கள் உள்ளேயே மறைத்து வைக்கப்பட்டிருக்கும். முதலில் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' பகுதியில் மறைந்தவற்றைக் காட்டச் செய்து, 'ஹைட் புரொடெக்டட் ஒப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்ற சரியையும் எடுத்தால் தெரியும், கொப்பி செய்துகொள்ளலாம். வேலை முடிந்ததும் அந்தச் சரியைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

வேகம் பற்றிக் கேட்டீர்கள். டிஸ்க் நிறைவதும் கணினி மெதுவாவதும் இரண்டு வெவ்வேறு நோய்கள். எஸ்எஸ்டி விளிம்பு வரை நிறைந்தால் வேகம் குறையும் என்பது உண்மை. 15 முதல் 20 ஜிபி வரை வெறுமையாக வைத்திருந்தால் அந்தக் குறை தீரும், அப்டேட்டுகளும் தடையின்றி ஏறும். அதற்கு மேல் எவ்வளவு துடைத்தாலும் வேகம் கூடாது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மெனேஜரைத் திறந்து, 'ஸ்டார்ட்அப்' பகுதியில் கணினியோடு சேர்ந்து எழும்பும் தேவையற்ற நிரல்களை 'டிசேபிள்' செய்யுங்கள். 'பெர்ஃபோமன்ஸ்' பகுதியில் மெமரி எப்போதும் 85, 90 வீதத்தில் நின்றால் தடை ரெம்தான். 4 ஜிபியை 8 ஆக்குவது எந்தத் துப்புரவையும் விடப் பலன் தரும். அதே பக்கத்தில் டிஸ்க் 'எச்டிடி' என்று காட்டினால் எஸ்எஸ்டி என்று சொல்லி விற்றது பொய் என்பதும் தெரிந்துவிடும்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது என்பதையும் மனதில் வைத்திருங்கள். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பழைய லெப்டொப் பலவற்றில் அது இல்லை. ரெம் கூட்டக் கடைக்குப் போகும் அன்றே, உங்கள் கணினி விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்று கேட்டுவிடுங்கள். 3 ஜிபி மிச்சத்தில் மாற்ற முயற்சிக்க வேண்டாம்.

கடையில் எஸ்எஸ்டியைப் பெரிதாக்கவும் முடிவு செய்தால், 'குளோன்' செய்து தரச் சொல்லுங்கள். அப்போது பாமினி உட்பட இருப்பதெல்லாம் இருந்தபடியே புதியதற்கு வரும். பழைய எஸ்எஸ்டியைக் கேட்டு வாங்கி, புதியதில் எல்லாம் திறக்கிறது என்று ஒரு மாதம் பார்க்கும் வரை துடைக்காமல் வைத்திருங்கள். கொப்பி எடுத்த பென் டிரைவைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம், அது வீட்டிலேயே இருக்கட்டும்.